செஞ்சடையும் செம்பட்டையும்

தியாகராய நகரிலோ அடையாற்றிலோ உள்ள அழகு நிலையம் ஒன்றின் விலைப்பட்டியலில் இன்று நாம் காணும் சொற்கள் ஹைலைட்ஸ், பாலயாஜ், ஓம்ப்ரே, குளோபல் என்பன. நான்கும் கருங்கூந்தலை வெளிறச் செய்யும் முறைகள். நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் சாலையில் 2000ஆம் ஆண்டில் நேச்சுரல்ஸ் தொடங்கப்பட்டது. அதன்பின் வந்த கால் நூற்றாண்டில் இத்தகைய நிலையங்கள் தென்சென்னையெங்கும் பெருகி, இச்சொற்களை நடுத்தர வர்க்கத்தின் பேச்சிலும் சேர்த்துவிட்டன. இவற்றுள் எதைத் தேர்வது என்பது வாடிக்கையாளரின் கவலை. நம் கவலை சொல்லைப் பற்றியது. இம்முறைகள் யாவும் தொட்டுச் செல்லும் நிறம் ஒன்றுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே பெயர் உண்டு: செம்பட்டை.

மயிரின் நிறத்துக்குக் காரணம் மெலனின். அதில் கரும்பழுப்பானது யூமெலனின், செம்மஞ்சளானது ஃபியோமெலனின். பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் 1818இல் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் கூந்தலை வெளுக்கும் நீர்மமாக வைக்கப்பட்டது. இன்று வெளுப்புப் பொடியோடு குழைக்கப்படுவதும் அதுவே. அது மயிருக்குள் புகுந்து மெலனினைச் சிதைக்கையில் முதலில் அழிவது கருமை. செம்மஞ்சள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே நம்மவர் கூந்தல் நேரே பொன்னிறத்துக்குத் தாவ முடியாது. செம்பழுப்பு, செம்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகவே ஏற வேண்டும்.

செம்மையை எப்படிக் கையாளுகின்றன என்பதில்தான் முறைகள் பெரிதும் பிரிகின்றன. ஹைலைட்ஸில் மெல்லிய கற்றைகளைப் பிரித்தெடுத்து, குழம்பைப் பூசி, அலுமினியத் தாளில் மடித்துவிடுகிறார்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் தங்குவதால் வெளுப்பு ஆழமாக நடக்கும். செம்மையைக் கடந்து மஞ்சளை எட்டலாம். பாலயாஜ் 1970களில் பாரிஸில் உருவானது. 'பெருக்குதல்' என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். தூரிகையால் கூந்தலின் மேற்பரப்பில் கையோட்டமாகத் தீற்றிக் காற்றில் விட்டுவிடுவார்கள். வெளுப்பு மிதமாக நடப்பதால் நம் கூந்தல் பெரும்பாலும் செம்புநிறத்திலேயே நின்றுவிடும். எஞ்சும் ஆரஞ்சை நீலச் சாயத்தாலும் மஞ்சளை ஊதாவாலும் தணிப்பது அடுத்த வேலை. குளோபல் தலை முழுவதையும் மாற்றுவது. மயிர் மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதால் வேர் கருத்துக்கொண்டே வரும். அந்தச் செலவு ஓயாது. மருதாணி பூசிய தலையென்றால் கலைஞர் தயங்குவார். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் தூய மருதாணி சாயம் ஏற்றுமேயன்றி வெளுக்காது. உலோக உப்பு கலந்த பொட்டலப் பொடியோ பெராக்சைடோடு சேர்ந்து சூடேறி மயிரையே கெடுக்கும்.

காரமெல், தேன், செம்பு என்றெல்லாம் பட்டியலில் காணும் நிறங்களை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் அடக்கினார்கள். எண்ணெய் காணாத தலை, கவனிப்பாரற்ற பிள்ளை என்ற ஏளனமும் அச்சொல்லுக்குள் இருந்தது. தமிழ்க் கவிமரபில் கூந்தலுக்கு உவமை மழைமேகமும் ஆற்றுக் கருமணலும். செம்மயிர் அங்கே இரண்டு இடங்களில் நிலைபெற்றது. ஒன்று, இரந்துண்ணும் துறவியான சிவனின் செஞ்சடை. மற்றது பேய்.

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் பேயைக் காட்டும் இடத்தை நாம் மீண்டும் படிக்க வேண்டும். வற்றிய மார்பு, புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த மயிர். அச்சமூட்டும் வருணனை என்றே இதை வகுப்பறைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவர் ஒருவர் இதைப் படித்தால் பேயை எண்ணுவாரா? நெடும்பட்டினியில் உலர்ந்த உடலைத்தான் எண்ணுவார் என்பது நம் கருத்து. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஒரு பெண், தான் கண்ட பசித்த உடல்களிலிருந்தே அந்த உருவத்தை எடுத்திருக்கக் கூடும். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் எழுந்தருளும்போது அம்மையாரும் அவர்களுள் ஒருவராக வருகிறார்.

செம்பட்டைக்கும் பசிக்கும் உள்ள உறவு மருத்துவத்தில் தெளிவானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் 1933இல், தாய்ப்பால் மறந்த குழந்தைகளைத் தாக்கும் நோய் ஒன்றை விவரித்தார். குவாஷியார்கர் என்ற பெயரை 1935இல் வழங்கினார். புரதக் குறைவோடு சேர்ந்த இந்நோயில் உடல் வீங்கும், தோல் உரியும், கருமயிர் செம்மையுற்று வெளிறும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் நம் நாட்டுக் குழந்தைகளிடம் இதை விரிவாக ஆராய்ந்தார். மருத்துவர்கள் 'கொடி அடையாளம்' என்று குறிப்பிடும் ஒன்றும் இதில் உண்டு. உணவு கிடைத்த மாதங்களில் வளர்ந்த மயிர் கருப்பாகவும், கிடைக்காத மாதங்களில் வளர்ந்தது வெளிறியும், ஒரே இழையில் பட்டை பட்டையாகத் தெரியும். அக்குழந்தையின் தலையே அதன் சோற்றுக் கணக்கு.

இங்கே தியாகராய நகரின் பெயருக்கு வருவோம். 1920களில் உருவான இப்பகுதி பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. அவர் மாநகராட்சித் தலைவராயிருந்த 1920இல்தான், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு மாநிலம் தழுவியதாக வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பசியால் சிவந்த தலைகள் நம் கண்ணில் அரிதானதற்கு இத்திட்டங்களும் காரணம். அந்நிறம் இன்று தேர்வுக்குரிய அழகாகத் தோன்றுவதும், அதன் பழைய பொருள் மங்கிய பின்னரே நடந்திருக்கிறது. மயிருக்குச் சாயமிடும் இளையோரைப் பண்பாட்டின் பெயரால் கடிவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மக்களின் கூந்தலில் நாம் காண்பது, மூன்று வேளையும் உண்டு வளர்ந்த ஒரு தலைமுறையின் விளையாட்டு. அதை ஏன் கடிய வேண்டும்?

ஆனால் சொல் முற்றிலும் மங்கிவிடவில்லை. பாலயாஜ் எதைப் போலச் செய்ய முயல்கிறது? வெயிலில் தானே வெளிறிய கூந்தலை. இழையின் நுனியே அதன் மூத்த பகுதி; அதிக நாள் வெயிலைக் கண்டது. அதனால் நுனி வெளிறியும் வேர் கருத்தும் இருக்கும். தூரிகை பிடிப்பவர் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார். மயிலாப்பூருக்குக் கிழக்கே நொச்சிக்குப்பத்திலும், அடையாற்றுக் கழிமுகத்தின் வடகரையில் சீனிவாசபுரத்திலும், உப்புக் காற்றிலும் வெயிலிலும் நாளெல்லாம் திரியும் மீனவப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஒழுங்கு செலவில்லாமல் வாய்த்திருக்கிறது. அவர்களிடம் அதை யாரும் பாலயாஜ் என்று சொல்வதில்லை. "செம்பட்டைத் தலையோடு வராதே, எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வா" என்கிறோம்.