சுங்குவார்சத்திரத்து டிவியும் வெளிநாட்டு ரிசீவரும்

சென்னையில் இருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ராமானுஜர் பிறந்த ஊர், 1991 மே 21ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது தொழிற்சாலைகளின் வரலாறு. ஹூண்டாய் கார், நோக்கியா போன், ஒரகடம் பக்கம் ரெனோ-நிஸ்ஸான், ராயல் என்ஃபீல்டு என்று அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அங்கே தயாராகும் டிவியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த டிவிக்குப் பொருத்தமான ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பற்றி எழுதியவர்கள் அதைவிடக் குறைவு!

"புது டிவி வாங்கியாச்சு, எந்த ரிசீவர் வாங்கலாம்?" என்பது கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி மாதிரித்தான் தெரியும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அதற்குள் ஐம்பது வருட சரித்திரம் இருக்கிறது.

முதலில் ரிசீவர் என்றால் என்ன? நம் ஊரில் டிஷ் ஆன்டெனாவோடு வரும் பெட்டியைத்தான் ரிசீவர் என்பார்கள். இங்கே பேசுவது அதை அல்ல. ரேடியோ ட்யூனரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதற்கு ரிசீவர் என்று பெயர். அமெரிக்காவில் சிட்னி ஹார்மன், பெர்னார்ட் கார்டன் என்ற இருவர் 1953ல் ஆரம்பித்த ஹார்மன் கார்டன் கம்பெனி, அடுத்த வருடமே ஃபெஸ்டிவல் டி1000 என்ற பெயரில் இப்படி ஒரு பெட்டியை விற்றது. ஹார்மன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிற்பாடு அந்தப் பெட்டிக்குள் சினிமா புகுந்தது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர், அதுதான் 5.1. டால்பி டிஜிட்டல் 1992ல் தியேட்டருக்கு வந்தது, டிடிஎஸ் 1993ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்தது. தமிழ் சினிமா ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 1995ல் 'குருதிப்புனல்' டால்பியில் வந்தது, 1996ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில் வந்தது. தியேட்டரில் தலைக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு, வீட்டிலும் அது வேண்டும் என்ற ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வீட்டில் இருந்த டிவி எப்படிப்பட்டது? சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982, ஆசிய விளையாட்டுப் போட்டியின் புண்ணியம். சாலிடேர், டயனோரா போன்ற சென்னைக் கம்பெனிகள் டிவி செய்து விற்ற காலம் அது. அந்தக் குண்டு டிவிக்குள் பிக்சர் ட்யூப்புக்கே இரண்டடி ஆழம் வேண்டும். இடம் தாராளமாக இருந்ததால் ஸ்பீக்கரும் சற்றுப் பெரிதாகவே இருந்தது, சத்தமும் நேராக முகத்துக்கு வந்தது. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே காலம் ஓடியது.

2006ல் தமிழ்நாட்டு வரலாற்றில் டிவிக்கு ஒரு பெரிய வருடம் வந்தது. சட்டமன்றத் தேர்தலில் திமுக இலவச கலர் டிவி வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்தது. அந்த வருடமே திட்டம் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான 14 இஞ்ச் டிவிகள் வாங்கப்பட்டன. அரசாங்கத்தின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் ஆகாது என்று சொன்னது. திட்டம் சரியா தவறா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். உலகமே குண்டு டிவியைக் கைகழுவிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழ்நாடு அதை ஒன்றரைக் கோடி வாங்கியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் சரியாக அதே சமயத்தில், 2007 நவம்பரில், சுங்குவார்சத்திரம் பக்கத்தில் சாம்சங் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நொய்டாவுக்கு அடுத்து இந்தியாவில் சாம்சங்கின் இரண்டாவது பெரிய உற்பத்தி இடம். டிவியில் ஆரம்பித்து ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று வளர்ந்தது. வருடா வருடம் டிவி மெலிந்துகொண்டே போனது. மெலிந்ததால் ஸ்பீக்கருக்கு இடம் போனது. முன்னால் பார்த்திருந்த ஸ்பீக்கர் அடிப்பக்கம் தரையைப் பார்க்கத் திரும்பியது. படம் சுவர் அளவுக்குப் பெரிதாகி, வசனம் மட்டும் டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் ஆனது. ரிசீவர் ஆடம்பரப் பொருள் என்ற நிலை மாறி அவசியம் ஆனது இதனால்தான்.

அந்த நேரத்தில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்ததோ பெரும்பாலும் வேறு சரக்கு. அட்டைப் பெட்டியில் "5000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பிஎம்பிஓ என்பது ஒரு கண நேரத்து உச்சத்தைக் கம்பெனிகள் அவரவர் இஷ்டத்துக்குக் கணக்கிட்ட எண். தொடர்ந்து எவ்வளவு சக்தி தரும் என்று சொல்வது ஆர்எம்எஸ் கணக்கு. 5000 பிஎம்பிஓ பெட்டியை ஆர்எம்எஸ்ஸில் அளந்தால் நூறு வாட்ஸ் தேறுவதே கஷ்டம். ரிச்சி தெருவில் போர்டு வாங்கி உள்ளூர் மெக்கானிக் அசெம்பிள் செய்து தந்த 5.1 ஆம்ப்ளிஃபையர்கள் இதைவிட நேர்மையானவை என்றே சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தே வாங்கிவிடலாம்!

இனி வயர் கதைக்கு வருவோம். டிவிக்கும் ரிசீவருக்கும் கல்யாணம் செய்து வைப்பது வயர்தான். முதலில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று ஏவி பின்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஸ்டீரியோ சத்தத்துக்கு. டிவிடி வந்தபின் 5.1 சத்தத்தை ஆப்டிகல் வயர் சுமந்தது. ஆனால் அந்த வயரின் கொள்ளளவு சிறியது. 2006ல் வந்த ப்ளூ-ரே தட்டில் இருந்த டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற தரம் குறையாத ஒலியை அதில் அனுப்ப முடியாது.

2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, பானசோனிக், ஃபிலிப்ஸ், சிலிகான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு கம்பெனிகள் கூடி எச்டிஎம்ஐ என்ற புதிய இணைப்பைக் கொண்டுவந்தன. படமும் சத்தமும் ஒரே வயரில். அதில் ஒரு குறை இருந்தது. ரிசீவரில் இருந்து டிவிக்குப் போகும் பாதை இருந்தது, டிவியில் இருந்து ரிசீவருக்குத் திரும்பும் பாதை இல்லை. 2009ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அந்தத் திரும்பும் பாதையைத் தந்தது. அதன் பெயர் ஆர்க். ஆனாலும் ஆர்க் கிட்டத்தட்ட அந்தப் பழைய ஆப்டிகல் வயர் அளவுதான் சுமந்தது. 2017ல் எச்டிஎம்ஐ 2.1 வந்தபோதுதான் ஈ-ஆர்க் என்ற அகலமான திரும்பும் பாதை கிடைத்தது. கூடவே வயரின் மொத்தக் கொள்ளளவும் நொடிக்கு 18 கிகாபிட்டில் இருந்து 48 கிகாபிட்டாக உயர்ந்தது.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அட்மாஸ் ஒலியைச் சுருக்கி, டால்பி டிஜிட்டல் ப்ளஸ் வடிவத்தில்தான் அனுப்புகின்றன. அதற்குப் பெரும்பாலும் பழைய ஆர்க் போதும். ஓடிடி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு ஈ-ஆர்க் இல்லை என்பதற்காக நல்ல பழைய ரிசீவரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாதாரண சேனல்களுக்கோ பெரும்பாலும் ஸ்டீரியோதான். 2012 டிசம்பர் 12ல் 'சிவாஜி 3டி' அட்மாஸில் வந்ததைச் சத்யம் தியேட்டரில் கேட்டவர்கள், அதே படத்தை டிவி சேனலில் கேட்டு ஏமாந்தால் ரிசீவரைக் குறை சொல்லக் கூடாது.

அவசரப்பட்டுப் புதியதை வாங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2020ல் எச்டிஎம்ஐ 2.1 என்று விற்கப்பட்ட டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில் இருந்த சிப்பில் கோளாறு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ஸை இணைத்து 4கே 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால் திரை கறுப்பாகிவிடும். டெனானும் மராண்ட்ஸும் இதற்கென்றே தனி அடாப்டர் ஒன்றை இலவசமாகக் கொடுத்தன, யமஹா போர்டையே மாற்றித் தந்தது. அந்த வருடத்துச் செகண்ட் ஹேண்ட் ரிசீவர் மலிவாகக் கிடைத்தால் இதை விசாரிப்பது நல்லது.

இதற்கு நடுவில் சுங்குவார்சத்திரத்தில் என்ன நடந்தது? அது வயர் கதையைவிடச் சிக்கல். டிவி விலையில் பாதிக்கும் மேல் ஓப்பன் செல் எனப்படும் பேனலுக்கே போய்விடும். அது இந்தியாவில் தயாராகவில்லை, இறக்குமதிதான். 2017 டிசம்பரில் மத்திய அரசு முழு டிவி இறக்குமதி மீதான சுங்க வரியை இரண்டு மடங்காக்கி 20 சதவீதம் ஆக்கியது. உள்ளூர் உற்பத்திக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 2018 பட்ஜெட்டில் ஓப்பன் செல் மீதும் 10 சதவீதம் வரி போட்டு, எதிர்ப்பு வந்ததும் 5 ஆகக் குறைத்தார்கள். மறுபக்கம் ஆசியான் ஒப்பந்தப்படி வியட்நாமில் இருந்து முழு டிவியை வரி இல்லாமலே கொண்டுவரலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை சுலபம். இங்கே செய்தால் பாகத்துக்கு வரி, அங்கே செய்து கொண்டுவந்தால் வரியே இல்லை! 2018ல் சாம்சங் இங்கே டிவி உற்பத்தியை நிறுத்தி வியட்நாமில் இருந்து கொண்டுவரத் தொடங்கியது. உள்ளூர்த் தொழிலைக் காக்கப் போட்ட வரி, உள்ளூர் டிவி லைனையே நிறுத்திய விசித்திரம் இது. வணிகவியல் மாணவர்கள் படிக்கும் தலைகீழ் வரி அமைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2019 செப்டம்பரில் ஓப்பன் செல் வரி பூஜ்யம் ஆனது. 2020 ஜூலையில் கலர் டிவி இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் ஆனது. உற்பத்தி திரும்ப வந்தது. 2020 அக்டோபரில் ஓப்பன் செல்லுக்கு மறுபடியும் 5 சதவீதம்! ஒரு சதவீதக் கணக்கு மாறினால் ஒரு லைன் கடல் கடக்கும் என்பது, ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறை எடுத்துத் தங்கி ஷிப்ட் போகிறவர்களுக்கு வெறும் பட்ஜெட் செய்தி அல்ல. 2014ல் நோக்கியா மூடியதைப் பார்த்த ஊர் அது.

2024 செப்டம்பர் 9ல் இந்தத் தொழிற்சாலையின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 37 நாட்கள். சம்பள உயர்வு, வேலை நேரம் எல்லாம் இருந்தாலும் முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். சிஐடியு சார்பான அந்தச் சங்கம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவானது. அந்தச் செய்திகளில் டிவியின் பெயர் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினோடு ஒரு வரியில் வந்து போனது, அவ்வளவுதான்.

இப்போது ஹார்மனுக்கு வருவோம். 2017 மார்ச்சில் சாம்சங் 800 கோடி டாலருக்கு ஹார்மனை வாங்கியது. கார்டன், ஜேபிஎல் எல்லாம் அதோடு வந்தன. ரிசீவர் உலகத்தில் மிச்சம் இருந்த பெரிய பெயர்களான டெனானும் மராண்ட்ஸும் சவுண்ட் யுனைடெட் என்ற கம்பெனியிடம் இருந்தன. அதை 2022ல் மாசிமோ என்ற கம்பெனி சுமார் 102 கோடி டாலருக்கு வாங்கியது. மாசிமோ செய்வது மருத்துவமனையில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி! பொருந்தாத சம்பந்தம் நான்கு வருடம்கூட நீடிக்கவில்லை. 2025ல் ஹார்மன் அதை 35 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. மூன்று வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு போயே போச்சு. இன்னொரு பழைய பெயரான ஆன்கியோவின் ஜப்பான் கம்பெனி 2022லேயே திவால் ஆகியிருந்தது.

ஆக, சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் டிவியும் டெனான் ரிசீவரும் இன்று ஒரே முதலாளியின் சொத்து. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28ல் இருந்து 18 சதவீதம் ஆகியிருப்பதால், பெரிய டிவியாக வாங்கி ரிசீவரையும் பார்ப்போம் என்று கிளம்புகிறவர்கள் அதிகம். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 முதல் சாம்சங் தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவைக் கைவிட்டுவிட்டது. டால்பி விஷனும் அதில் கிடையாது, தன் பங்குள்ள எச்டிஆர்10 ப்ளஸ்தான். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களுக்கோ டிடிஎஸ் தெரியும். அதனால் ப்ளூ-ரே பிளேயரின் வயரை டிவியில் செருகி, ஈ-ஆர்க் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் டிடிஎஸ் தட்டு ஊமையாகிவிடலாம். பிளேயரின் வயரை ரிசீவரில் செருகி, அங்கிருந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்ப வேண்டும்.