ரத்தக் காட்டேரியாக மாறிய பேட்மேன் - ஒரு தடையின் வரலாறு

கருப்பு அங்கி. பெரிய பழைய மாளிகை. இரவில் மட்டும் நடமாட்டம். வௌவால் உருவம். இந்த நான்கையும் சொல்லி "யார் இது?" என்று கேட்டால் பாதிப் பேர் பேட்மேன் என்பார்கள், மீதிப் பேர் டிராகுலா என்பார்கள். இரண்டுமே சரியான பதில்தான்!

இவ்வளவு ஒற்றுமை உள்ள இருவரையும் மோத விட்டு, கடைசியில் பேட்மேனையே ரத்தக் காட்டேரியாக மாற்றிய கதை 1991-ல்தான் வந்தது. பேட்மேன் பிறந்தது 1939-ல். இடையில் 52 வருடங்கள்! ஏன் இவ்வளவு தாமதம்? கற்பனைப் பஞ்சம் மட்டும் காரணம் இல்லை. அதில் 16 வருடங்களுக்கு மேல் அமெரிக்க காமிக்ஸில் ரத்தக் காட்டேரி தலைகாட்டவே தடை இருந்தது.

முதல் மோதல் (1939)

டிடெக்டிவ் காமிக்ஸ் 27-வது இதழில் (மே 1939) பாப் கேனும் பில் ஃபிங்கரும் பேட்மேனை அறிமுகம் செய்தார்கள். நான்கே மாதத்தில், 31, 32-வது இதழ்களில், அவருக்கு எதிரியாக வந்தவன் 'மாங்க்' என்ற ரத்தக் காட்டேரி. ப்ரூஸ் வெய்னுக்கு நிச்சயிக்கப்பட்ட ஜூலி மாடிசனை மனோவசியம் செய்து தன் பிடிக்குள் கொண்டு வருகிறான். பேட்மேன் ஹங்கேரி வரை துரத்திப் போகிறார். வெள்ளியை உருக்கித் தோட்டா செய்கிறார். சவப்பெட்டியில் தூங்கிக் கொண்டிருக்கும் மாங்க்கையும் அவனுடைய கூட்டாளி டாலாவையும் சுட்டுக் கொல்கிறார்.

பேட்மேன் கையில் துப்பாக்கியா? ஆம். 'கொல்லக் கூடாது' என்ற விதி அப்போது அவருக்கு இல்லை.

1940-ல் பேட்மேன் பெயரில் தனி இதழ் தொடங்கியது. முதல் இதழிலேயே விமானத்தில் பொருத்திய துப்பாக்கியால் அவர் எதிரிகளைச் சுடும் காட்சி வந்தது. சிறுவர்கள் படிக்கும் புத்தகத்துக்கு இது ஆகாது என்று நினைத்த ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி பேட்மேன் துப்பாக்கியைத் தொடக் கூடாது, யாரையும் கொல்லக் கூடாது என்று சொல்லி விட்டார். அலுவலக அறையில் பிறந்த ஒரு சாதாரண விதி அது. ஆனால் பின்னாளில் வந்த எழுத்தாளர்கள் அதையே பேட்மேனின் உயிர்மூச்சாக ஆக்கினார்கள். பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பலி கொடுத்தவன் துப்பாக்கியைத் தொட மாட்டான்! எவ்வளவு பொருத்தம்!

தடை (1954)

அடுத்த விதியும் அலுவலகத்தில்தான் பிறந்தது. ஆனால் அதைப் பெற்றது பயம்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேய், கொலைக் கதை காமிக்ஸ்கள் சக்கைப்போடு போட்டன. இவற்றைப் படித்துத்தான் சிறுவர்கள் குற்றவாளி ஆகிறார்கள் என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பேய்க்கதை காமிக்ஸில் முன்னணியில் இருந்த ஈ.சி. நிறுவனத்தின் வில்லியம் கெய்ன்ஸ் தானே முன்வந்து சாட்சி சொன்னார். வெட்டிய தலையைக் காட்டும் ஓர் அட்டைப்படத்தை நீட்டி "இது ரசனையானதா?" என்று கேட்டார்கள். பேய்க்கதை அட்டைக்கு இது சரிதான் என்றார் கெய்ன்ஸ். மறுநாள் பத்திரிகைகள் அவரைக் கிழித்து எடுத்தன.

அரசாங்கம் சட்டம் எதுவும் போடவில்லை. பயந்து போன பதிப்பாளர்களே ஒன்று கூடி அக்டோபர் 1954-ல் 'காமிக்ஸ் கோட்' என்ற விதித்தொகுப்பை உருவாக்கினார்கள். ரத்தக் காட்டேரி, நடமாடும் பிணம், ஓநாய் மனிதன் எல்லாவற்றுக்கும் தடை! கோட் முத்திரை இல்லாத புத்தகத்தைப் பெரும்பாலான விநியோகஸ்தர்கள் தொடவே இல்லை. பிறகு சட்டம் எதற்கு? கெய்ன்ஸ் தன் பேய்க்கதை இதழ்களை மூடினார். 'மேட்' நகைச்சுவை இதழ்தான் அவரைக் காப்பாற்றியது. வேலை இழந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஏராளம்.

சரி, வெர்தாம் சொன்னதாவது உண்மையா? அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த கேரல் டில்லி என்ற பேராசிரியை 2012-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பல இடங்களில் சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்தாம் மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்தது அதில் தெரிய வந்தது!

கதவு திறந்தது (1971)

இந்தத் தடையால் நடந்த கூத்துகளும் உண்டு. 1970 வாக்கில் ஒரு கதையில் 'வுல்ஃப்மேன்' என்ற சொல் இருப்பதைக் கோட் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். வுல்ஃப்மேன் என்றால் ஓநாய் மனிதன் ஆயிற்றே! கடைசியில் பார்த்தால் அது மார்வ் வுல்ஃப்மேன் என்ற எழுத்தாளரின் சொந்தப் பெயர்!

1971-ல் கோட் தளர்த்தப்பட்டது. டிராகுலா போன்ற இலக்கிய மரபை ஒட்டி வந்தால் ரத்தக் காட்டேரிகளுக்கு அனுமதி. அதே ஆண்டு அக்டோபர் தேதியிட்ட ஸ்பைடர்மேன் 101-வது இதழில் மார்பியஸ் வந்தான். 1972-ல் மார்வெல் நிறுவனம் டிராகுலாவுக்கே தனித் தொடர் தொடங்கியது. அதை நெடுங்காலம் எழுதியவர் யார் தெரியுமா? அதே மார்வ் வுல்ஃப்மேன்! ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் பிளேட் 1973-ல் பிறந்ததும் அந்தத் தொடரில்தான்.

சிவப்பு மழை (1991)

கதவு திறந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மாதாமாதம் வரும் தொடரில் பேட்மேனைக் காட்டேரியாக்கி விட்டால் அடுத்த மாதம் என்ன செய்வது? 1989-ல் 'கோதம் பை கேஸ்லைட்' இதற்கு வழி காட்டியது. அதில் பேட்மேன் 19-ம் நூற்றாண்டில் வாழ்கிறார். வழக்கமான தொடருக்குச் சம்பந்தமில்லாத தனி உலகம். அங்கே நாயகன் சாகலாம், மாறலாம்.

அந்தச் சுதந்திரத்தில்தான் டக் மென்ச் எழுத, கெல்லி ஜோன்ஸ் வரைய 'பேட்மேன் அண்ட் டிராகுலா: ரெட் ரெயின்' 1991-ல் வந்தது. கோதம் நகரில் வீடற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். செய்வது டிராகுலா. அவனை எதிர்க்கும் டான்யா என்ற காட்டேரி மூலமாக பேட்மேனுக்கும் காட்டேரியின் பலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. டிராகுலா அழிகிறான். ப்ரூஸ் வெய்ன் என்ற மனிதனும் அழிகிறான். பேட்மேன் மட்டும் மிஞ்சுகிறார், காட்டேரியாக.

அடுத்த பாகம் 'பிளட்ஸ்டார்ம்' (1994). ரத்த தாகத்தோடு போராடும் பேட்மேன் ஒரு கட்டத்தில் ஜோக்கரின் ரத்தத்தைக் குடித்து விடுகிறார். செய்த தவறு உறைத்ததும், தன் நெஞ்சில் கட்டையை இறக்கும்படி அவரே கேட்டுக் கொள்கிறார். மூன்றாம் பாகம் 'கிரிம்சன் மிஸ்ட்' (1998). கோதமில் குற்றம் தலைவிரித்தாட, விசுவாசமான ஆல்ஃப்ரெட் அந்தக் கட்டையைப் பிடுங்குகிறார். எழுந்து வருபவர் பழைய பேட்மேன் இல்லை. குற்றவாளிகளைத் தேடித் தேடிக் கொல்கிறார். அவரை நிறுத்த கமிஷனர் கார்டன் எதிரிகளோடு கை கோர்க்க வேண்டிய நிலை! முடிவில் சூரிய வெளிச்சம் அவரை அழிக்கிறது.

இரண்டு விதிகள்

கவனித்துப் பார்த்தால் இந்த வரலாற்றில் இரண்டு விதிகள் இருக்கின்றன. காட்டேரி கூடாது என்பது ஒன்று. அது தளர்ந்தபோது எந்தக் கேடும் வரவில்லை. 2011-ல் பேட்மேனின் பதிப்பாளரான டி.சி. நிறுவனமே கோட் முத்திரையைக் கைவிட்டபோது அழுதவர் யாரும் இல்லை. கொல்லக் கூடாது என்பது மற்றொன்று. அதை மீறிய கதையில் பேட்மேனே மிஞ்சவில்லை.

1939-ல் ஒரு காட்டேரியைச் சுட்டுக் கொன்று விட்டு பேட்மேன் நிம்மதியாக வீடு திரும்பினார். 1994-ல் ஜோக்கரைக் கொன்றதற்காக அவர் தன் சாவைக் கேட்டார். பிறர் பயந்து திணித்த விதிக்கும், ஒருவன் தனதாக்கிக் கொண்ட விதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்!