ஒரு விரல் இடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். தமிழாசிரியருக்குக் கணினியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படித்து முடித்தபின் கேளுங்கள்.

என் தங்கையின் பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடியற்காலையில் அரளி மொட்டு பறிக்கும் குடும்பம் அது. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பெண். போன மாதம் ஒரு செயலி செய்து கல்லூரியில் காட்ட வேண்டியிருந்தது. நாலு நாள் முயன்றும் அது ஓடவில்லை. தோழியின் கணினியில் அதே நிரல் ஓடுகிறது, இவளுடையதில் மட்டும் "கோப்பு கிடைக்கவில்லை" என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. கடைசியில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா. பேசாம வேற ஏதாவது படிச்சிருக்கலாம்."

பெங்களூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் போட்டேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, கணினியில் பாப்பா பெயரை எப்படி எழுதியிருக்கு? நடுவில் இடம் விட்டிருக்கா?"

விட்டிருந்தது. விட்டவன் நான்தான். அந்தக் கணினியை வாங்கி முதன்முதலில் திறந்து, அவள் பெயரைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தலைப்பெழுத்தைப் போட்டேன். ஒட்டி எழுதினால் தமிழாசிரியன் மனசு ஒப்புமா? கணினி அதையே அவளுடைய ஃபோல்டருக்கும் பெயராக வைத்துக்கொண்டது. அவள் செய்த எல்லா வேலையும் அதற்குள்தான் இருந்தது. அந்த ஓர் இடைவெளிதான் நாலு நாள் அழவைத்திருக்கிறது. வேலையை இடைவெளியில்லாத பெயருள்ள வேறொரு ஃபோல்டருக்கு மாற்றினோம். பத்து நிமிடத்தில் ஓடியது.

ஓர் எழுத்தே இல்லாத வெற்றிடம் எப்படி இவ்வளவு தொல்லை கொடுக்கிறது? அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டுக் கதை. பனமரத்துப்பட்டி என்ற பெயரிலேயே பனை இருக்கிறது. அந்தப் பனையின் ஓலையில்தான் நம் முன்னோர் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். அந்த எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதையும் படிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துகள் சங்கிலிபோல வந்துகொண்டே இருக்கும். எங்கே பிரிப்பது என்பது படிப்பவரின் பொறுப்பு.

பிரிப்பதில் என்ன சிக்கல் வரும் என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நன்னூலில் ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று படித்தது நினைவிருக்கிறதா? தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை என்றால் மரமோ புலியோ. வேம், கை என்று பிரித்தால் வேகிற கை. எட்டு என்றால் எண். எள், து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். சேர்ந்து நின்றால் ஒன்று, பிரிந்து நின்றால் வேறொன்று; அதுதான் பொதுமொழி. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயரிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அதற்கு முன் அவர் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று. சுவடியில் எது மூலம், எது உரை என்பதே பிரித்தறிய முடியாதபடி ஓடிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சு நூல்களில் சொற்களைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளைப் போட்டும் உரைநடையைச் சிறுவர்களும் படிக்கும்படி செய்த முன்னோடிகளில் ஒருவர். நாம் இன்று சாதாரணமாக விடுகிற இடைவெளி, அச்சு வந்த பிறகு நம் கையில் படிந்த பழக்கம்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. பழைய ரோமானியர்களின் லத்தீனும் பெரும்பாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியே எழுதப்பட்டது. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள்தான் சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதத் தொடங்கினார்கள். லத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி அல்ல, படித்துக் கற்ற மொழி. பிரித்து எழுதினால்தான் புரிந்தது. ஆக, இடைவெளி என்பது புதிதாகப் படிக்க வருபவனுக்குக் கைகொடுக்க வந்தது.

இனிக் கணினிக்கு வருவோம்.

1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அதில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி வேலைக்கு அனுப்பும் பகுதிக்கு ஷெல் என்று பெயர். ஒரு சொல் எங்கே முடிகிறது என்று ஷெல்லுக்கு எப்படித் தெரியும்? இடைவெளியை வைத்துத்தான். முதல் சொல் கட்டளை, அதற்குப் பின் இடைவெளி விட்டு வருகிற ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. "அழி பழைய கணக்கு" என்று தமிழில் கட்டளை கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "பழைய கணக்கு" என்ற ஒரே கோப்பை அழிக்கத்தான் நீங்கள் சொன்னீர்கள். ஷெல் "பழைய" என்று ஒன்றும் "கணக்கு" என்று ஒன்றும் ஆக இரண்டைத் தேடும். "கணக்கு" என்று வேறொரு நல்ல கோப்பு இருந்தால் அது போய்விடும். நாம் ஒருமொழியாகச் சொன்னதை இயந்திரம் தொடர்மொழியாகப் படிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யூனிக்ஸ் கோப்புப் பெயரில் இடைவெளியைத் தடுக்கவே இல்லை. சாய்கோடும், சுழியம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் தவிர வேறு எதுவும் பெயரில் வரலாம். வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, வைத்தால் வேலை கெடும்.

அடுத்து 1976. அதே பெல் ஆய்வுக்கூடம். ஒரு பெரிய மென்பொருள் பல கோப்புகளாக இருக்கும். ஒன்றைத் திருத்தினால் அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டும். ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒருநாள் காலை முழுதும் ஒரு பிழையைத் தேடினார். பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டது. அந்தக் கோப்பை மறுபடி தொகுக்கத்தான் மறந்திருந்தார். கோபத்தோடு அவர் போய்ச் சொன்னது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம். முந்தின மாலைதான் ஃபெல்ட்மனும் அதே அவதி பட்டிருந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'மேக்' என்ற கருவி. எது மாறியது, எதை மறுபடி செய்ய வேண்டும் என்று தானே பார்த்துக் கட்டித் தரும் மேஸ்திரி. பில்டு டூல் என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த வம்சத்துக்கு மூதாதை இதுதான். 2003-ல் இதற்காக ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் விருது கிடைத்தது.

அந்தக் கருவிக்குக் குறிப்பு எழுதுவது நம் சமையல் குறிப்பு போலத்தான். "சாம்பார்: பருப்பு புளி காய்" என்று எழுதினால், சாம்பாருக்கு இந்த மூன்றும் வேண்டும் என்று பொருள். பொருளுக்குப் பொருள் இடைவெளி. சரி, "சாம்பார்: பருப்பு புளி சாம்பார் பொடி" என்று எழுதினால்? அது சாம்பார் பொடியைத் தேடாது. "சாம்பார்" ஒன்று, "பொடி" ஒன்று என்று பிரித்துக்கொள்ளும். சாம்பார் வைக்கச் சாம்பாரே வேண்டுமா என்று குழம்பி நிற்கும்!

இதே கருவியில் இன்னொரு விதி: செய்முறை வரிகள் டேப் என்ற தாவல் குறியில்தான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி போட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு நண்பர்களுக்காக விட்டது, அரை நூற்றாண்டாக உலகம் முழுதும் பிள்ளைகள் சுமக்கும் விதியாகிவிட்டது.

அந்தக் காலத்தில் கோப்புக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் இந்த வேலை தெரிந்தவர்கள். சின்னச் சின்னப் பெயர், இடைவெளி கிடையாது. பிறகு கணினி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்தது. 1984-ல் வந்த மெக்கின்டாஷ் பெயரில் இடைவெளி விட அனுமதித்தது. 1995-ல் விண்டோஸ் 95 வந்து 255 எழுத்துவரை பெயர் வைக்கலாம் என்றது. மென்பொருள்கள் இருக்கும் ஃபோல்டருக்கே 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று இடைவெளியோடு பெயர் வைத்தார்கள். சாதாரண மக்கள் தாங்கள் பேசுகிற மாதிரியே பெயர் வைக்கத் தொடங்கினார்கள். நியாயம்தானே? ஆனால் உள்ளே வேலை செய்யும் கருவிகள் பழைய வீட்டின் பழக்கத்திலேயே இருந்தன. விண்டோஸ் 2000-ல் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று இரண்டு இடைவெளியோடு இருந்த ஃபோல்டர், விஸ்டாவில் 'யூசர்ஸ்' என்று ஒரே சொல்லானது. அந்த ஃபோல்டருக்குள்ளே வரும் ஆளின் பெயரில் மட்டும் இடைவெளி தங்கிவிட்டது. என் பேத்தி மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அவள் இழந்தது நாலு நாள் தூக்கம். அதைவிடப் பெரிதாக இழந்தவர்கள் உண்டு. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் 2.0 வெளியிட்டது. அதை நிறுவும் நிரலில் ஓரிடத்தில் மேற்கோள் குறி விட்டுப்போயிற்று. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்கு அதிலிருந்தவை அழிந்துபோயின. உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.1 கொடுத்தார்கள். 2011-ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவும் நிரலில் இதற்கு நேர்மாறான தவறு. 'யூஎஸ்ஆர்' என்ற முக்கியமான ஃபோல்டருக்குள்ளே இருக்கும் ஒரு சின்னப் பகுதியை அழிக்கும் கட்டளையில், தெரியாமல் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த ஃபோல்டரையே முழுதாக அழித்துவிட்டது. அதில்தான் கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் இருக்கும். ஒரு தட்டு கூடுதல், அவ்வளவுதான்.

மருந்து இல்லையா? இருக்கிறது, நம் இலக்கணத்திலேயே அதன் சாயல் இருக்கிறது. பெயரின் இருபுறமும் மேற்கோள் குறி போட்டால் ஷெல் அதை ஒருமொழியாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு வழி, இடைவெளி இருக்கும் இடத்தில் அடிக்கோடோ சிறுகோடோ போடுவது. பனைமரமும் பட்டியும் சேரும்போது நடுவே 'அத்து' என்ற சாரியையும் 'ப்' என்ற ஒற்றும் வந்து பசைபோல ஒட்டிப் பனமரத்துப்பட்டி ஆகிறதல்லவா? அந்த அடிக்கோடுதான் கணினியின் சாரியை. ஆனால் மேக் கருவிக்கு மேற்கோள் குறியும் போதாது. இன்றும் இடைவெளியுள்ள பெயர்களை அதனால் ஒழுங்காகக் கையாள முடிவதில்லை.

கணினித் துறையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் நிரலை முடித்தோம் என்று வைப்பதற்கு முன், இடைவெளி விட்ட பெயருள்ள ஒரு ஃபோல்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒரு தமிழ்ப் பெயரிலும் ஓட்டிப் பாருங்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு: கணினியில் உங்கள் பெயரையும் வேலை ஃபோல்டரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் உடனே "எனக்கு வராது" என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் பிறக்கும் முன்பே யாரோ பன்னிரண்டு பேருக்குள் முடிவான பழக்கமாக அது இருக்கலாம். அறிவு குறைவு வேறு, வழக்கம் தெரியாதது வேறு.

இதை எழுதும்போது எனக்கே உறைக்கிறது. உங்களுக்கெல்லாம் என் விதி நினைவிருக்கும்: சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடு. 1991 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டியே எழுதுவான். அவன் கட்டுரைத் தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இது என்னடா ஓலைச்சுவடியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆண்டு முழுதும் அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. இப்போது பூ வியாபாரம் செய்கிறான், இந்தப் பக்கத்தையும் படிக்கிறான்.

தம்பி, ஓலைச்சுவடி எழுதியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை, அவ்வளவுதான். உனக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். சொல்லிக்கொடுக்காமல் சிரிக்க வைத்தேன். முப்பது வருடம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துவிடு. ஒருநாள் சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா, காபி சாப்பிடலாம்.

பாப்பா கல்லூரியில் செயலியை ஓட்டிக் காட்டிவிட்டாள். கணினியில் பெயரையும் மாற்றி வைத்துக்கொண்டாள். நோட்டில் மட்டும் என் பேச்சைக் கேட்டு இன்னும் ஒரு விரல் இடம் விடுகிறாள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்,
பனமரத்துப்பட்டி.