அறிவும் பணிவும் வேண்டிய ஆசிரியர்

பெற்றோர் தம் மக்களுக்காக வேண்டுவன பல. நீண்ட வாழ்நாள், நோயற்ற உடல், நிறைந்த செல்வம், உயர்ந்த பதவி என அவை நீளும். கிறித்தவ இல்லங்களில் பிள்ளைகளுக்காக ஏறெடுக்கப்படும் மன்றாட்டிலோ, இரண்டு பொருள்கள் பெரும்பாலும் இணைந்தே வரக் காண்கிறோம். ஒன்று ஞானம், மற்றொன்று தாழ்மை. இவ்விரண்டும் ஏன் பிரியாது நிற்கின்றன என்பதை ஆராய்வார்க்குத் தஞ்சை வரலாறு அரியதொரு சான்றினை வழங்குகின்றது.

இம்மன்றாட்டின் வேர் விவிலியத்தில் உள்ளது. கிபியோன் என்னும் இடத்தில் சாலொமோன் அரசனுக்கு இறைவன் கனவில் தோன்றி, வேண்டுவது யாதென வினவினான். அரசன் தன்னைப் போக்குவரவு அறியாத சிறு பிள்ளை என்று கூறிக்கொண்டு, நன்மை தீமை பகுத்தறிந்து மக்களுக்கு நீதி வழங்கும் உள்ளத்தையே கேட்டான். நீண்ட ஆயுளையோ, செல்வத்தையோ, பகைவரின் உயிரையோ அவன் கேட்கவில்லை. தன் அறியாமையை ஒப்புக்கொண்ட பணிவே அவனுக்கு அறிவின் வாயிலைத் திறந்தது. ஆயின் அவனே முதுமையில் அப்பணிவை இழந்து நெறி தவறினான் என்றும் அந்நூல் மறையாது உரைக்கின்றது. அறிவு பெற்றவனும் பணிவைக் காவாவிடின் வீழ்வான் என்பதே அக்கதையின் பிற்பகுதி புகட்டும் பாடம். லூக்கா நற்செய்தியோ, சிறுவன் இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகியதைக் கூறுமுன், அவர் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்ததைக் கூறுகின்றது.

மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரமும் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரின் மண்ணில் இவ்வேண்டுதல் அயலான குரலாக ஒலிக்கவில்லை. அதனை இம்மண்ணில் வாழ்ந்து காட்டியவருள் முன்னிற்பவர் சுவார்த்சு ஐயர்.

1726-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த இவர், திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிப் பின்னர் 1778-இல் தஞ்சையைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் பயின்றார். இல்லறம் ஏலாத அவருக்குப் பள்ளிப் பிள்ளைகளே மக்களாயினர்.

அப்பிள்ளைகளுள் இருவர் வரலாற்றில் நிலைத்தவர். ஒருவர் 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயகம். திருநெல்வேலிப் பயணத்தில் அச்சிறுவனைக் கண்ட ஐயர், தந்தையின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்து வந்து கல்வி புகட்டினார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவரே.

மற்றொருவர் அரச குமாரர். 1787-இல் தஞ்சை மராத்திய மன்னர் துளஜாஜி மரணப் படுக்கையில் இருந்தார். மக்களை இழந்த அவர், பத்து வயதும் நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்து, ஐயரை அழைத்து அப்பிள்ளையை அவர் கையிலேயே ஒப்புவிக்க முனைந்தார். நாடாளும் பொறுப்பு தம்மால் இயலாது எனப் பணிவுடன் மறுத்த ஐயர், மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காவலராக்குமாறு யோசனை கூறினார். சிறுவனோ கடவுளின் பிள்ளையாகட்டும் என்று வாழ்த்தினார் என்பர்.

அந்த யோசனை நற்பயன் தரவில்லை. தத்தெடுப்புச் செல்லாதெனப் பண்டிதர் கூறியதன்மேல் கும்பினியார் அமர்சிங்கையே அரியணையில் அமர்த்தினர். சரபோஜி அரண்மனைக்குள் அடைபட்டு, கல்வியும் மறுக்கப்பட்டு வாடினான். தம் சொல் பிழையாய் முடிந்ததைக் கண்ட ஐயர் வாளாவிருந்தாரல்லர். சிறுவனின் விடுதலைக்காகவும் கல்விக்காகவும் சென்னை அரசினருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே ஐயரிடம் பயின்றார். பிள்ளையின் அறிவுக்காக மன்றாடுபவர் அதற்காக உழைக்கவும் வேண்டும். பிள்ளையின் பணிவுக்காக மன்றாடுபவர் தம் பிழையை முதலில் உணரவும் வேண்டும். ஐயர் இரண்டினையும் செய்தார்.

உயிர் பிரிவதற்குச் சிறிது முன்னர், தம்மைக் காண வந்த மாணவருக்கு அவர் கூறிய இறுதி அறிவுரையும் இதற்கு ஒத்ததே. ஆடம்பரத்தில் மனம் வையாதே. குடிகளுக்கு நீதி வழங்கு. ஏழைக் கிறித்தவரைக் காப்பாயாக என்ற கருத்துப்பட மொழிந்து, மாணவர் தம் சமயத்தைத் தழுவவேண்டும் என்ற தம் விருப்பத்தையும் மறையாது கூறினார். 1798 பெப்ருவரி 13-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார்.

ஆசிரியரின் விருப்பங்களுள் ஒன்று நிறைவேறவில்லை. சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். காசி யாத்திரையும் சென்றார். பெருவுடையார் கோயிற் சுவரில் தம் குலவரலாற்றைப் பொறித்தார். எனினும் அறிவையும் பணிவையும் குறித்த வேண்டுதல் வீண்போனதெனக் கூற இயலுமா? சரசுவதி மகால் நூலகத்தைச் சுவடிகளாலும் அயல்நாட்டு நூல்களாலும் பெருக்கியவர் அவர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் உணவோடு கல்வியும் அளித்தவர் அவர். தம் ஆசிரியரை எண்ணி, ஏழைக் கிறித்தவப் பிள்ளைகளைப் பேணவும் அறம் வகுத்தவர் அவர்.

ஆசிரியரின் இறுதிக் காட்சியைப் பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சலவைக் கல்லில் வடிப்பித்து, சிவகங்கைப் பூங்காவை அடுத்த கோயிலில் நிறுவினார் சரபோஜி. அச்சிற்பத்தில் நாடாளும் மன்னர் படுக்கையருகே நின்று ஆசிரியரின் கையைப் பற்றியிருக்கிறார். பள்ளிச் சிறுவர்களும் அங்கே உளர். கல்லறைக் கல்லுக்கு மன்னர் தாமே ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடல் எழுதினார். அதில் ஆசிரியரின் பண்புகளாக முதலில் அவர் கூறுவன மூன்று: உறுதி, பணிவு, அறிவு. தம் பிள்ளைக்கு எவற்றை ஆசிரியர் வேண்டினாரோ, அவற்றையே ஆசிரியரிடம் அம்மாணவர் கண்டிருந்தார். தந்தையே, உமக்குத் தகுதியுடையவனாக யான் ஆகவேண்டும் என்னும் கருத்தமைந்த வேண்டுதலோடு அப்பாடல் முடிகின்றது. மாணவனுக்காக ஆசிரியர் எழுப்பிய வேண்டுதல், இங்கே மாணவனின் சொந்த வேண்டுதலாகிவிட்டது.

தாய்நிலத்தைவிட்டு வந்து வாழும் நாம், நம் மக்கள் தேர்விலும் பதவியிலும் முந்தவேண்டும் என்று இரவும் பகலும் எண்ணுகிறோம். எண்ணுவதில் குற்றமில்லை. ஆயின் எச்சமயத்தவராயினும், விளக்கேற்றி வணங்கினும் முழந்தாளிட்டு மன்றாடினும், அறிவோடு பணிவையும் சேர்த்தே கேட்போமாக. நாம் கேட்பதை நம் மக்கள் செவியால் மட்டுமன்றிக் கண்ணாலும் கற்கின்றனர். நம்மிடம் காணாத பணிவை அவர்கள் வேறெங்குச் சென்று காண்பர்?