ஷாமு என்னும் பெயர்

ஓங்கில் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கான ஓர்க்காவைத் தொட்டியில் அடைத்துக் காட்டும் தொழில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏறத்தாழத் தற்செயலாகவே தோன்றியது. 1961-இல் கலிபோர்னியாவில் பிடிபட்ட ஒன்று இரண்டே நாளில் இறந்துவிட்டது. 1964-இல் வான்கூவர் நீர்வாழ் உயிர்க் காட்சியகம் நாடியதோ உயிருள்ள ஓர்க்காவை அன்று. சிலை வடிக்க மாதிரியாக ஒன்றைக் கொன்று கொண்டுவரவே அது ஆளனுப்பியது. எறியீட்டி பாய்ந்தும் சாகாத இளம் விலங்கைக் கயிற்றோடு நகருக்கு இழுத்துவந்து, பெண் எனக் கருதி மோபி டால் என்று பெயரிட்டனர். பல வாரங்கள் இரையைத் தொடாதிருந்த அது மூன்று மாதத்துக்குள் இறந்தது. உடலை அறுத்தபோதுதான் ஆண் என்பது தெரியவந்தது. ஆயினும், இடையில் அது கையிலிருந்து மீன் வாங்கித் தின்ற செய்தி, கொடிய விலங்கு என்ற பழைய அச்சத்தைத் தணித்து வணிகரை விழிக்கச் செய்தது.

1965-இல் மீனவர் வலையில் சிக்கிய நாமு என்ற ஆணைக் காட்சியக உரிமையாளர் டெட் கிரிஃபின் 8,000 டாலருக்கு வாங்கினார். அவ்வாண்டே பிடிபட்ட இளம் பெண்ணான ஷாமு, சான் டியேகோவின் சீவோர்ல்டு காட்சியகத்துக்குச் சென்று 1971-இல் இறந்தது. கடலில் பெண் ஓர்க்கா ஐம்பது வயதைக் கடப்பது அரிதன்று. ஆனால் நிறுவனம் அந்தப் பெயரை அடுத்தடுத்த விலங்குகளுக்குச் சூட்டியதால், பார்வையாளர் கண்ணில் ஷாமு சாகவே இல்லை.

ஏற்றிச் செல்ல எளிது என்பதால் குட்டிகளுக்கே விலை இருந்தது. 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்துப் பென் கோவ் விரிகுடாவில், விமானமும் வெடியும் கொண்டு 80-க்கு மேற்பட்ட ஓர்க்காக்களை வளைத்து, ஏழு குட்டிகளைப் பிரித்தெடுத்தனர். வலையில் மூழ்கி இறந்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்து, பாரம் கட்டி ஆழ்த்தியும் அவை பின்னர் கரை ஒதுங்கின. 1976-இல் அங்கே வேட்டை நின்றபின் வணிகம் ஐஸ்லாந்துக்கு இடம்பெயர்ந்தது.

தொட்டி வாழ்வின் தடம் முதலில் உடலில் தெரிந்தது. எலும்பில்லாத முதுகுத் துடுப்பு, வளர்ந்த ஆண்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மடிந்து சரிந்தது. கான்கிரீட்டையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்துப் பற்கள் தேய, உட்கூழ் வெளிப்பட்டு, துளையிட்டு நாள்தோறும் கழுவவேண்டிய நிலை வந்தது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில் பார்க்கப்பட்ட 29 ஓர்க்காக்களில் பற்சேதம் இல்லாதது ஒன்றும் இல்லை.

அடுத்து நடத்தையில் தெரிந்த கேட்டின் வேர் இன்னும் ஆழமானது. வட அமெரிக்க மேற்குக் கரையோரத்து ஓர்க்காக் கூட்டங்கள் பலவற்றில் பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் தாயுடன் தங்கி, அக்கூட்டத்துக்கே உரிய ஒலிகளைக் கற்றுக்கொள்கின்றன. தொட்டியிலோ வேற்றுக் கடல்களின், வேற்று ஒலிகளின் விலங்குகள் ஒன்றாக அடைக்கப்பட்டன. கடலில் தோற்றது விலகிப் போகலாம், தொட்டியில் அதற்கு இடமில்லை. 1989 ஆகஸ்டில் சான் டியேகோவில், ஐஸ்லாந்திலிருந்து வந்த காண்டு, பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த கார்க்கியின்மீது மோதித் தன் தாடையை முறித்துக்கொண்டு, இரத்தம் பெருகி, தன் குட்டி அருகிருக்க இறந்தது. ஏடுகளில் அதன் முழுப் பெயர் ஐந்தாம் காண்டு. கார்க்கி, இரண்டாம் கார்க்கி.