பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு

கணக்காளனுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வானம் தருவது வரவு, குழாய் கொண்டுபோவது செலவு. மிச்சம் நிற்பது எங்கள் கெல்லரில்!

நமது பிரெடெரிசியாவைப் போலக் கோபன்ஹேகனும் ஒருகாலத்தில் கோட்டை மதிலுக்குள் நெருங்கிக் கிடந்த நகரம். 1853இல் வந்த வாந்திபேதி அங்கே 4,700 பேருக்கு மேல் பலிகொண்டது. அதன் பின்னரே நிலத்தடிக் குழாய்த் திட்டம் வேகம் பெற்றது. அதை நடத்திய நகரப் பொறியியலாளரின் பெயர் கோல்டிங். பக்கத்து ஊர் அல்ல, ஆள்தான்! 1890கள் வரை அக்குழாய்களில் மலக்கழிவுக்கு இடமில்லை. பிறகு மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடத் தொடங்கின. பழைய நகரப் பகுதிகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான்.

டென்மார்க் வானிலை நிலையத்தின் வரையறைப்படி, அரைமணி நேரத்தில் 15 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் அது ‘ஸ்கீபுறுட்’. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர். அப்படியானால் 100 சதுர மீற்றர்க் கூரையிலிருந்து 1,500 லீற்றர். யாழ்ப்பாணத்து முற்றமென்றால் மண் குடித்துக் கிணற்றுக்கு அனுப்பிவிடும். இங்கே தாரும் கல்லும், எல்லாம் குழாய்க்கே.

எந்தக் கூரைநீர் எப்போது குழாயை அடையும், குழாய் நிறைந்தால் நீர் எவ்வளவு உயரம் பின்னோக்கி ஏறும் என்பதைக் கணனியில் போட்டுப் பார்க்க, 1980களில் டேனிஷ் ஹைட்ரோலிக் நிறுவனம் ‘மவுஸ்’ என்ற மாதிரியை உருவாக்கியது. பின்னர் அது பல நாடுகளுக்கும் போனது.

ஆனால் எவ்வளவு மழைக்குக் குழாய் போடுவது என்பதைக் கணனி முடிவு செய்வதில்லை, காசுதான் முடிவு செய்கிறது. 2005இல் டேனிஷ் பொறியியலாளரின் கழிவுநீர்க் குழு தந்த வழிகாட்டலில், கலப்புக் குழாயில் நீர் தரைமட்டம் வரை ஏறுவது 10 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. தனி மழைநீர்க் குழாயில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஒருமுறை வந்தால் ஒன்பது ஆண்டு நிம்மதி என்று பொருளல்ல. ஒவ்வொரு ஆண்டும் பத்திலொரு வாய்ப்பு. பத்தாண்டில் ஒருமுறையாவது வர 65 வீதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அளவு தரைமட்டத்துக்கானது. கெல்லரின் தரையோ அதற்குக் கீழே. தெருவில் ஒரு சொட்டும் தேங்காத நாளிலும் கெல்லர்த் துவாரத்தால் கழிவுநீர் மேலேறலாம். கணக்கில் பிழையில்லை, கெல்லர் அந்தக் கணக்கில் இல்லை. நம்மவர் பலர் கெல்லரில்தானே சாமி அறையும் பிள்ளைகளின் படிப்பறையும் வைக்கிறோம்!

2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனின் சில பகுதிகளில் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. காப்புறுதி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 600 கோடி குரோணர் செலவு. அதன் பிறகுதான் எல்லாவற்றையும் குழாய்க்குள் அடக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. 2019இல் திருத்தி அமைக்கப்பட்ட எங்ஹேவ பூங்கா 22,600 கன மீற்றர் நீரைத் தாங்கும். நம் ஊர்க் குளத்தின் வேலையேதான்.

உங்கள் தெருவில் ஓடுவது கலப்புக் குழாயா, தனிக்குழாயா என்று நகரின் கழிவுநீர் நிறுவனத்திடம் கேளுங்கள். கலப்புக் குழாயானால், நீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் அடைப்பானை அனுமதி பெற்ற குழாய் வேலைகாரரைக் கொண்டு பூட்டலாம். உங்கள் காணிக்குள் அந்தச் செலவு உங்களுடையது.