பிருந்தா காத்த பாட்டு

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஓர் இரவு வானொலியில் இரு பெண்மணிகள் சேர்ந்து பாடிய பதம் ஒன்றைக் கேட்டேன். உண்மையைச் சொல்வதானால், அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை. விறுவிறுப்பான ஸ்வரக் கோவைகளையும் மிருதங்க முழக்கத்தையும் கேட்டுப் பழகிய செவிக்கு, அப்பாட்டு இடம் விட்டு நகர மறுப்பதுபோல் தோன்றிற்று. பாடியவர்கள் டி. பிருந்தாவும் டி. முக்தாவும் என்று அறிவிப்பாளர் கூறினார். மறுநாள் காலையில் அதன் முதல் வரியை நானே பாடிப் பார்த்தேன். ஸ்வரங்கள் யாவும் தெரிந்தவையே. ஆயினும் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எனக்கு அகப்படவில்லை. அன்றுதான் அந்தப் பாட்டு மெதுவாகச் செல்வதன் காரணம் சிறிது விளங்கிற்று. அந்த வழியைக் காத்த பிருந்தா அம்மையாரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அவருடைய வரலாற்றை அவரிடமிருந்து தொடங்க இயலாது. அவர் பாட்டியாரிடமிருந்தே தொடங்க வேண்டும். வீணை தனம்மாள் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1867-ஆம் ஆண்டு பிறந்து 1938-ஆம் ஆண்டு மறைந்தவர். அவருடைய முன்னோர் தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய இசை, நடனக் கலைஞர்கள். 1855-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அவ்வரசை ஆங்கிலேயர் தமதாக்கிக் கொண்டனர். அரசு போனபின் ஆதரவும் போயிற்று. கலைஞர்கள் பலர் சென்னைப் பட்டணத்தில் வாழ்வைத் தேடிக்கொண்டனர். தனம்மாள் குடும்பமும் சென்னை ஜார்ஜ் டவுனில் நிலைபெற்றது.

தனம்மாள் தீட்சிதர் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும், பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸரிடமும் கற்றார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வீணை வாசித்து, உடன் மெல்லப் பாடுவார். மிருதங்கம் கிடையாது. கேட்போர் சிலரே, அவர்களும் வாய் திறவாமல் அமர்ந்திருக்க வேண்டும். பெரும் வித்வான்கள் அங்கே மாணவர்களைப்போல் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு சிறிய அறைக்கென்றே அளவெடுத்துச் செய்த சங்கீதம் அது.

தனம்மாளுக்கு ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு பெண்கள். இவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து பாடிப் பெயர் பெற்றவர்கள். ஜயம்மாளின் மகள்தான் பரத நாட்டியப் பேரரசியாகிய பாலசரஸ்வதி; அவருடைய தம்பியர் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விசுவநாதனும். காமாட்சியம்மாளின் பெண்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. ஒரே பாட்டை வீணையில் பாட்டியாரும், குரலில் தாய்மாரும், அபிநயத்தில் ஒரு பேத்தியும், குழலில் ஒரு பேரனும் விளக்கிக் காட்டிய குடும்பம் இது. இத்தகைய குடும்பம் உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

பிருந்தா 1912-ஆம் ஆண்டில் பிறந்தார். வீட்டிலேயே இவ்வளவு வித்தை இருக்க, சிறு வயதிலேயே அவரைக் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் அனுப்பினார்கள். இது கவனிக்கத்தக்க செய்தி. நயினாப் பிள்ளை தாளத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் சூழப் பாடும் அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே ரசிகர்கள் அழைத்தனர். தியாகராஜ கிருதிகளிலும் திருப்புகழிலும் அவருக்குப் பெரும் புலமை இருந்தது. தாளவாத்தியமே இல்லாத வீட்டில் பிறந்த பெண், தாளமே அரசாண்ட இடத்தில் பாடம் கற்றாள். பிருந்தா எவ்வளவு மெதுவாகப் பாடினாலும் அப்பாட்டு தளர்ந்து போவதில்லை. உள்ளே ஓர் உறுதியான நடை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உறுதியில் காஞ்சிபுரத்துப் பாடத்தின் பயனை நான் காண்கிறேன்.

பின்னர் பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடத் தொடங்கினர். கடைசித் தங்கை அபிராமசுந்தரி வயலின் கற்று அவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். ஆக, மேடையிலும் ஒரு குடும்பமே அமர்ந்திருந்தது.

இருவர் சேர்ந்து பாடுவது எளிதென்று நினைக்கிறோம். விரைவான பாட்டில் அது ஓரளவு உண்மை. விளம்ப காலத்தில் பாடும் பதத்திலோ, ஒரே எழுத்தின்மேல் குரல் பல அசைவுகள் அசைந்து நிற்கும். அவற்றைக் கமகம் என்கிறோம். எங்கே குரல் ஏற வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும், எங்கே தொட்டும் தொடாமலும் மீள வேண்டும் என்பன யாவும் இருவருக்கும் ஒன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் இரண்டு குரல்கள் இரண்டாகவே கேட்கும். சகோதரிகள் பாடும்போதோ ஒரு குரலே இரண்டாக விரிந்ததுபோல் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து, பல ஆண்டுகள் பாடம் கேட்டாலன்றி இது கைகூடாது.

பதம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். தலைவனைப் பிரிந்த தலைவி தோழியிடம் கூறுவது, தவறு செய்து வந்த தலைவனை அவள் கடிந்துகொள்வது போன்ற அகப்பொருட் பாடல்களே பதங்கள். அகத்துறைப் பாடல்களைச் சங்க இலக்கியத்தில் படித்த உங்களுக்கு இது புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இயற்றியவை தலைசிறந்தவை. தமிழில் கனம் கிருஷ்ணையர், சுப்பராமையர் முதலியோர் இயற்றியிருக்கின்றனர். பதத்தைப் பல வேளைகளில் அனுபல்லவியிலிருந்தே தொடங்குவர். தலைவியின் உள்ளம் முதலில் பொங்கி, பிறகு பல்லவியில் வந்து தங்குவதுபோல் அது அமையும். ஜாவளியும் காதற்பாட்டே, ஆனால் நடை சற்று விரைவானது, சொல் சற்றுக் குறும்பானது.

இப்பாட்டுகளுக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் காத்தவர்கள் தேவதாசி மரபினர். அம்மரபில் பெண்களைப் பிணித்திருந்த வழக்கத்தை நீக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் 1920-களின் இறுதியிலிருந்து பாடுபட்டனர். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் பிறந்தது. அவ்வழக்கம் ஒழிந்ததற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆயினும் வழக்கத்தின்மீது இருந்த வெறுப்பு, அவ்வழி வந்த பாட்டின்மீதும் படர்ந்தது. சிருங்காரப் பாடல் கௌரவமான மேடைக்கு உரியதா என்று கேட்டவர்கள் இருந்தனர். அதே காலத்தில் கச்சேரியும் வீட்டை விட்டுச் சபாக்களின் பெரிய மண்டபங்களுக்குக் குடிபெயர்ந்தது. ஒலிபெருக்கி வந்தது. ஆயிரம் பேரை ஒருங்கே கவரும் சங்கீதமே வெற்றி பெறும் நிலை ஏற்பட்டது. சிறிய அறையில் பிறந்த பாட்டு எங்கே போகும்?

பிருந்தா அதற்கு மேடையில் நின்று வாதாடவில்லை. பாட்டைக் கற்ற வண்ணமே பாடினார், அவ்வளவே. கைதட்டலுக்காகக் காலத்தைக் கூட்டவில்லை. சங்கதி ஒன்றைக்கூட அலங்காரத்துக்காக ஒட்டவில்லை. சிருங்காரச் சொல்லைப் பாடும்போதும் அவர் குரலில் ஒரு கம்பீரம் நின்றது. அதனால் பெருங்கூட்டம் அவரைத் தேடி வரவில்லை. அவரைத் தேடி வந்தவர்கள் பாடகர்களே. ‘பாடகர்களின் பாடகர்’ என்ற பெயர் அவருக்கு இவ்வாறு நிலைத்தது.

வானொலி இவருக்கு இயல்பாகவே பொருந்திற்று என்பது என் எண்ணம். சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தனம்மாள் மறைந்தார். வெள்ளிக்கிழமை அறை மூடப்பட்ட ஆண்டிலேயே மற்றோர் அறை திறந்தது. ஓசை புகாத அறையில் ஒலிவாங்கியின் முன் மெல்லப் பாடினால், எங்கோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருவர் தனியே அமர்ந்து அதைக் கேட்கிறார். சிறிய அறை மறுபடியும் கிடைத்துவிட்டதல்லவா? நான் அவரை முதன்முதல் கேட்டதும் அப்படித்தான்.

பிருந்தா செய்த பெரும்பணி பாடியதைக் காட்டிலும் பாடம் சொன்னதில் இருக்கிறது என்பேன். குடும்பத்துக்குள்ளேயே பொத்தி வைத்திருந்த செல்வத்தை அவர் வெளியாருக்கு வழங்கினார். சென்னையில் அரசினர் நடத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கற்பித்தார். ராம்நாட் கிருஷ்ணன் போன்று முன்னணியில் இருந்த வித்வான்களும் அவரிடம் பதங்களைப் பாடம் செய்தனர். அடுத்த தலைமுறையில் அருணா சாயிராம், சித்திரவீணை ரவிகிரண் ஆகியோர் அவரிடம் பயின்றனர். முக்தா அம்மையாரிடம் எஸ். சௌம்யா கற்றார்.

1960-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி, பிருந்தா ஸ்வரப்படுத்திய ஜாவளிகளைப் புத்தகமாக வெளியிட்டது. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு முறை பாடிப் பார்த்தேன். எழுத்தில் எலும்பு இருந்தது, உயிர் இல்லை. எழுதியவரின் குறை அன்று அது. கமகத்தின் அசைவை ஸ்வர எழுத்துகள் முற்றும் தாங்கா. அதே ஜாவளியை அவர் பாடிய ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டபோது, புத்தகத்தில் இரண்டு எழுத்தாக இருந்த இடத்தில் குரல் சென்ற தூரத்தைக் கண்டு வியந்தேன். ஆசிரியரின் எதிரில் உட்கார்ந்து, ஒரே வரியைப் பலமுறை திரும்பத் திரும்பப் பாடிக் கற்கும் முறைக்கு ஈடு வேறில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1976-ஆம் ஆண்டில் பிருந்தாவுக்குக் கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு முன், 1973-இல், பாலசரஸ்வதி அதைப் பெற்றிருந்தார். கௌரவமான மேடைக்கு உரியவைதாமா என்று ஐயுறப்பட்ட பாட்டும் அபிநயமும், அம்மேடையின் தலைமை இருக்கையிலேயே அமர்ந்தன. பிருந்தா 1996-ஆம் ஆண்டிலும், முக்தா 2007-ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

மாணவ நண்பர்களே, கல்வெட்டில் பொறித்த செய்தி மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி நிற்கிறது. குரலில் பொறித்த செய்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் போதும். அது போயே போய்விடும். தஞ்சை அரசு போயிற்று, ஆதரித்த வழக்கம் போயிற்று, ஜார்ஜ் டவுன் வீட்டின் வெள்ளிக்கிழமைகளும் போயின. பாட்டு மட்டும் இன்றும் இருக்கிறது. குடும்பத்தின் உடைமையாக அதைப் பெற்ற ஒருவர், குடும்பத்துக்கு வெளியே அதைக் கொடுத்துச் சென்றார். அதனாலேயே அது பிழைத்தது.

வாய்ப்புக் கிடைக்கும்போது சகோதரிகள் பாடிய பதம் ஒன்றைக் கேளுங்கள். முதல் முறை பிடிக்காமல் போகலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன் ஒரு வரியை மட்டும் நீங்களே பாடிப் பாருங்கள்.